ராயபுரம் பார்சி காலண்டரில் இன்னும் முடியாத ஆட்சி: யார் இந்த மூன்றாம் யஸ்தகர்த்?

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டோல்கேட்டில் இருந்து தெற்கே வந்தால் தண்டையார்பேட்டை. அதைத் தாண்டினால் ராயபுரம். கன்டெய்னர் லாரிகள், ஹார்பர் வேலைக்குப் போகிறவர்கள், காசிமேடு மீன் வண்டிகள் என எந்நேரமும் பரபரப்பாக இருக்கும் இந்தப் பகுதிக்குள் சத்தமில்லாமல் ஒரு கட்டடம் நிற்கிறது. 1910-ல் திறக்கப்பட்ட பார்சி அக்னி கோயில். சென்னையில் பார்சி சமூகத்துக்கு இருக்கும் ஒரே அக்னி கோயில் இதுதான்.

இந்தியப் பார்சிகள் பின்பற்றும் மத நாள்காட்டியில், 2024 ஆகஸ்டில் 1394-ம் ஆண்டு பிறந்தது. எதில் இருந்து 1394? அவர்களின் தீர்க்கதரிசி ஜரதுஷ்டிரர் பிறந்ததில் இருந்தா? இல்லை. கி.பி. 632 ஜூன் மாதம் ஈரானில் ஒரு சிறுவனின் தலையில் கிரீடம் வைத்தார்கள். அன்றில் இருந்துதான் இந்தக் கணக்கு ஓடுகிறது.

அந்தச் சிறுவன் பெயர் மூன்றாம் யஸ்தகர்த். பாரசீகத்தின் கடைசி சாசானிய மன்னன். அவன் ஆட்சிக்கு வந்தபோது, அவனை விட்டால் சிம்மாசனத்தில் உட்கார அரச குடும்பத்தில் ஆளே இல்லை என்ற நிலை. எதிரிகள் யாரும் அவர்களைக் கொல்லவில்லை. பெரும்பாலானவர்களை அந்தக் குடும்பமே கொன்று தீர்த்திருந்தது.

என்ன நடந்தது?

தாத்தா குஸ்ரோ: உச்சியும் சரிவும்

சாசானியப் பேரரசு கி.பி. 224-ல் தொடங்கியது. இன்றைய ஈரான், ஈராக் இரண்டும் அதன் மையம். தலைநகர் டெசிபோன், இன்றைய பாக்தாத்துக்குப் பக்கத்தில் டைக்ரிஸ் நதிக்கரையில் இருந்தது. மேற்கே ரோமப் பேரரசு, கிழக்கே மத்திய ஆசிய நாடோடி அரசுகள் என இரண்டு பக்கமும் மோதியபடியே நானூறு ஆண்டுகள் தாக்குப்பிடித்த வம்சம் அது.

யஸ்தகர்த்தின் தாத்தா இரண்டாம் குஸ்ரோ. 590-ல் அவருடைய தந்தை நான்காம் ஹோர்மிஸ்தை பிரபுக்கள் பதவியில் இருந்து இறக்கி, கண்களைக் குருடாக்கி, பிறகு கொன்றார்கள். இதற்கிடையே பஹ்ராம் சோபின் என்ற தளபதி தலைநகரைப் பிடித்துவிட்டார். குஸ்ரோ ரோமப் பேரரசர் மாரிஸிடம் அடைக்கலம் புகுந்து, அவருடைய படை உதவியுடன் 591-ல் திரும்பி வந்து அரியணையை மீட்டார்.

602-ல் மாரிஸ் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்கப் போவதாகச் சொல்லி குஸ்ரோ தொடங்கிய போர் 26 ஆண்டுகள் நீடித்தது. ஆரம்பத்தில் வெற்றி மேல் வெற்றி. 614-ல் ஜெருசலேம் விழுந்தது. அடுத்து எகிப்தும் கைக்கு வந்தது. 626-ல் ரோமர்களின் தலைநகர் கான்ஸ்டான்டினோபிளே முற்றுகைக்கு உள்ளானது.

ஆனால் ரோமப் பேரரசர் ஹெராக்ளியஸ் சுற்றி வளைத்து வந்து பாரசீகத்தின் உள்ளே புகுந்துவிட்டார். 627 டிசம்பரில் நினிவே அருகே பாரசீகப் படை தோற்றது. கஜானா காலி, படை சோர்வு, மக்கள் மீது வரிச்சுமை. இந்த நேரத்தில்தான் குடும்பத்துக்குள் பங்காளிச் சண்டை வெடித்தது.

அடுத்த வாரிசு யார்? ஒரே கேள்வி, ஒரு குடும்பமே காலி

குஸ்ரோவுக்குப் பல மனைவிகள், ஏராளமான மகன்கள். அவருக்கு மிகவும் பிடித்த மனைவி ஷிரின், கிறிஸ்தவப் பெண். ஷிரினின் மகன் மர்தான்ஷாவுக்குத்தான் பட்டம் என்று குஸ்ரோ முடிவு செய்ததாகத் தெரிந்தது. இன்னொரு மனைவியின் மகனான கவாத்துக்கு இது பொறுக்கவில்லை. போரால் வெறுத்துப்போயிருந்த பிரபுக்கள் கவாத் பக்கம் சேர்ந்தார்கள்.

628 பிப்ரவரியில் கவாத் தந்தையைச் சிறைப்பிடித்தார். சில நாட்களில் குஸ்ரோ கொல்லப்பட்டார். கவாத் அதோடு நிறுத்தவில்லை. போட்டிக்கு வரக்கூடியவர்கள் என்று நினைத்த தன் சகோதரர்கள் எல்லோரையும் கொன்றுபோட்டார். அரபு வரலாற்றாசிரியர் தபரி சொல்லும் எண்ணிக்கை 17. இப்படிக் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் ஷஹ்ரியார். நம் கதையின் நாயகன் யஸ்தகர்த்தின் அப்பா.

அப்போது யஸ்தகர்த் குழந்தை. அரண்மனையில் இருந்து எப்படியோ அவனைக் காப்பாற்றி, தெற்கே பார்ஸ் மாகாணத்தில் உள்ள இஸ்தக்ர் நகருக்குக் கொண்டுபோய் மறைத்து வைத்தார்கள்.

இத்தனை பேரைக் கொன்று வந்த பதவியை கவாத் அனுபவித்தது சில மாதங்கள்தான். அதே 628-ல் நாட்டைத் தாக்கிய கொள்ளைநோயில் அவரும் இறந்துபோனார்.

நான்கே ஆண்டுகள், எத்தனை பேர்?

கவாத் போன பிறகு நடந்ததை வரிசையாகப் பார்த்தால்தான் குழப்பம் புரியும்.

- மூன்றாம் அர்தஷிர்: கவாத்தின் மகன், சுமார் 7 வயது. அமைச்சர் ஒருவர் ஆட்சியைக் கவனித்தார். 630 ஏப்ரலில் சிறுவன் கொல்லப்பட்டான்.

- ஷாஹர்பராஸ்: ரோமர்களை நடுங்க வைத்த தளபதி. சிறுவனைக் கொன்று தானே மன்னர் ஆனார். அரச ரத்தம் இல்லாதவர். சுமார் 40 நாட்களில் அவரையும் கொன்றார்கள்.

- போரான்: குஸ்ரோவின் மகள். ஆண் வாரிசு கிடைக்காததால் அரியணை ஏறிய பெண். வரியைக் குறைத்தார், பாலங்களைச் சரிசெய்தார், தன் பெயரில் காசு வெளியிட்டார். ஆனால் பதவியில் இருந்து இறக்கப்பட்டார்.

- ஆசர்மிதொக்த்: போரானின் சகோதரி. தளபதி ஃபருக் ஹோர்மிஸ்த் இவரைத் திருமணம் செய்துகொண்டு அரசராகப் பார்த்தார். அரசி அவரைக் கொல்ல வைத்தார். ஃபருக்கின் மகன் ருஸ்தம் படையோடு வந்து அரசியைக் குருடாக்கிக் கொன்றார்.

- மீண்டும் போரான்: ருஸ்தமின் ஆதரவுடன் இரண்டாம் முறை ஆட்சி. 632-ல் அவர் கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்டதாக ஒரு பழைய பதிவு சொல்கிறது.

இடையிடையே சில வாரங்கள், சில மாதங்கள் அங்கங்கே மன்னர் என்று சொல்லிக்கொண்டவர்கள் தனி. எல்லோரையும் சேர்த்தால் சுமார் பத்து பேர் வரும். யாரை மன்னர் என்று கணக்கில் எடுப்பது என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை.

ஏன் இப்படி ஆச்சு?

மூத்த மகனுக்குத்தான் பட்டம் என்ற கட்டாய விதி சாசானியரிடம் இல்லை. அரச குடும்பத்து ரத்தம் இருக்க வேண்டும், பிரபுக்களும் மத குருக்களும் ஏற்க வேண்டும். இரண்டே நிபந்தனைதான். உடலில் ஊனம் உள்ளவர் மன்னராக முடியாது என்ற வழக்கமும் இருந்தது. போட்டியாளரைக் கொல்லாவிட்டால் கண்ணையாவது குத்திவிடுவது இதனால்தான்.

விதி தெளிவாக இல்லாதபோது, யார் மன்னர் என்பதைத் தீர்மானிப்பது பெரிய வீட்டுப் பிரபுக்கள். பாரசீகத்தில் அப்போது இரண்டு அணிகள். வடக்கே பழைய பார்த்திய வம்சங்களைச் சேர்ந்த பஹ்லவ் அணி. அதன் தலைவர் ருஸ்தம். தெற்கே பார்ஸ் பகுதியைச் சேர்ந்த பார்சிக் அணி. அதன் தலைவர் பீரூஸ். ஒவ்வொரு அணியும் தனக்கு வசதியான ஒருவரை உட்கார வைப்பதும், எதிரணி அவரைக் கவிழ்ப்பதுமாக ஆட்டம் தொடர்ந்தது.

தமிழ்நாட்டுக்கும் இது புதுக் கதை இல்லை. 1310-ஐ ஒட்டி மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் இறந்ததும் அவர் மகன்கள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் மோதிக்கொண்டார்கள். மகன் சுந்தர பாண்டியனே தந்தையைக் கொன்றதாக எழுதி வைத்தவர் வஸ்ஸாஃப், அவரும் ஒரு பாரசீக வரலாற்றாசிரியர். அண்ணன் தம்பி சண்டை முடியாத நிலையில்தான் 1311-ல் மாலிக் கபூரின் படை மதுரைக்கு வந்தது. பாரசீகத்திலும் வெளியே இருந்து வந்த படைக்கு, உள்ளே ஒற்றுமையில்லாத நாடுதான் எதிரே நின்றது.

ஒளித்து வைத்த சிறுவனுக்குப் பட்டம்

போரான் போன பிறகு ருஸ்தமுக்கும் பீரூஸுக்கும் ஒரு விஷயம் புரிந்தது. இனியும் அடித்துக்கொண்டால் நாடே மிஞ்சாது. இரு அணிகளும் ஏற்கக்கூடிய அரச ரத்தம் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினார்கள். இஸ்தக்ரில் வளர்ந்துகொண்டிருந்த யஸ்தகர்த் கிடைத்தான்.

அவனுக்குத் தலைநகர் டெசிபோனில் முடிசூட்டவில்லை. இஸ்தக்ரில் உள்ள அக்னி கோயிலில்தான் முடிசூட்டினார்கள். சாசானியரின் முன்னோர்கள் காவலர்களாக இருந்த கோயில் அது. வம்சம் எங்கே தொடங்கியதோ அங்கேயே அதன் கடைசி மன்னனும் கிரீடம் சூடினான். அந்த நாள் 632 ஜூன் 16 எனக் கணக்கிடப்படுகிறது. அதே மாதத்தில் சில நாட்களுக்கு முன்புதான் அரேபியாவின் மதீனாவில் நபிகள் நாயகம் மறைந்திருந்தார். அடுத்த சில ஆண்டுகளில் அரேபியாவில் இருந்து ஒரு புதிய பேரரசு எழும் என்பது பாரசீக அரண்மனையில் யாருக்கும் தெரியாது.

அவனுக்கு அப்போது என்ன வயது? சில பதிவுகள் 15, 16 என்கின்றன. இறக்கும்போது 28 வயது என்று தபரி சொல்வதை வைத்துக் கணக்கிட்டால் வெறும் 8. அவன் பெயரில் வந்த ஆரம்பகால வெள்ளிக்காசுகளில் இருப்பது தாடி இல்லாத சிறுவன் முகம். பிந்தைய ஆண்டுகளின் காசுகளில்தான் தாடி வருகிறது. அதனால் 8 வயது என்பதே சரியாக இருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அதே காசுகள் இன்னொன்றையும் சொல்கின்றன. ஆரம்ப ஆண்டுகளில் சில மாகாணங்களின் நாணயச் சாலைகளில் மட்டுமே அவன் பெயரில் காசு அடித்திருக்கிறார்கள். அதாவது, பேரரசு முழுக்க அவன் பேச்சு செல்லவில்லை. முடிவெடுத்தது ருஸ்தமும் பீரூஸும். மன்னன் கையில் இருந்தது கிரீடம் மட்டுமே.

தோல்விகள்: காதிசிய்யா முதல் நஹாவந்த் வரை

இதற்குள் அரபுப் படைகள் ஈராக் எல்லைக்குள் வந்துவிட்டன. 636-ஐ ஒட்டி, யூப்ரடீஸ் நதிக்கு மேற்கே காதிசிய்யா என்ற இடத்தில் பெரிய போர் நடந்தது. அரபுப் படைக்குத் தலைமை சஅத் இப்னு அபீ வக்காஸ். பாரசீகப் படைக்கு ருஸ்தம். பல நாட்கள் நடந்த சண்டையில் ருஸ்தம் கொல்லப்பட்டார். பேரரசின் ராஜகொடியும் எதிரி கைக்குப் போனது.

637-ல் டெசிபோன் விழுந்தது. யஸ்தகர்த் அதற்கு முன்பே குடும்பத்தோடும் கிடைத்த பொக்கிஷத்தோடும் மலைப்பகுதிக்குக் கிளம்பிவிட்டான். அரண்மனையில் விரித்திருந்த, பூந்தோட்டம் போல் ரத்தினங்கள் பதித்த மாபெரும் கம்பளத்தை வெற்றி பெற்றவர்கள் துண்டு துண்டாக வெட்டிப் பங்கு போட்டுக்கொண்டதாக அரபு நூல்கள் சொல்கின்றன.

கடைசியாக ஒரு பெரிய முயற்சி 642-ல். மேற்கு ஈரானில் நஹாவந்த் அருகே பாரசீகர்கள் திரட்டிய படை தோற்றது. பீரூஸும் அங்கேயே இறந்தார். சிறுவனை அரியணையில் உட்கார வைத்த இரண்டு பெரிய தலைகளும் இப்போது இல்லை. அதன் பிறகு பேரரசுக்கென்று ஒரு படையே திரளவில்லை. ஒவ்வொரு நகரமும் தனித்தனியாகச் சண்டை போட்டது, அல்லது தனித்தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டது.

ஊர் ஊராக ஓடிய மன்னன்

அடுத்த ஒன்பது ஆண்டுகள் யஸ்தகர்த்தின் வாழ்க்கை முழுக்க ஓட்டம்தான். ரே, இஸ்பஹான், மீண்டும் இஸ்தக்ர், கெர்மான், சிஸ்தான் என கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தான்.

கூட வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் சமையல்காரர்கள், எழுத்தர்கள், பணியாட்கள், பெண்கள், முதியவர்கள், குழந்தைகள். சண்டை போடத் தெரிந்தவர்கள் அதில் இல்லை என்று அரபு நூல்கள் குறிப்பிடுகின்றன. ஒரு சின்ன ஊர் ஆளுநருக்கு இந்தக் கூட்டத்துக்குச் சாப்பாடு போடுவதே பெரும் பாரம்.

போதாக்குறைக்கு, போன இடமெல்லாம் யஸ்தகர்த் பழைய பாணியிலேயே நடந்துகொண்டான். கெர்மானில் ஆளுநரிடம் கர்வம் காட்டி விரோதம் சம்பாதித்தான். சிஸ்தானில் வரி பாக்கியைக் கேட்டான். பிறந்ததில் இருந்து மன்னன் என்றால் இப்படித்தான் என்று சொல்லி வளர்க்கப்பட்டவனுக்கு, உதவி கேட்டு நிற்கத் தெரியவில்லை.

சீனாவின் தாங் பேரரசுக்கும் தூதர்களை அனுப்பிப் பார்த்தான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம். படை வரவில்லை.

மெர்வில் என்ன நடந்தது?

651-ல் இன்றைய துருக்மெனிஸ்தானில் உள்ள மெர்வ் நகருக்கு வந்து சேர்ந்தான். அங்கே ஆளுநர் மாஹோய். அவரிடமும் பணம் கேட்டதாகச் சொல்கிறார்கள். மாஹோய் பக்கத்து நாட்டுத் தலைவர் நேசக் தர்கானோடு கைகோத்துக்கொண்டு மன்னனுக்கு எதிராகத் திரும்பினார். நேசக் மன்னனின் மகளைப் பெண் கேட்டதாகவும், யஸ்தகர்த் அவமானப்படுத்தி மறுத்ததாகவும் ஒரு கதை உண்டு.

கூட இருந்தவர்கள் கொல்லப்பட, யஸ்தகர்த் தனியாகத் தப்பினான். இரவில் ஆற்றங்கரையில் இருந்த ஒரு மாவு மில்லில் ஒதுங்கினான். அங்கேதான் கொல்லப்பட்டான். உடையிலும் நகையிலும் ஆசைப்பட்டு மில்காரரே தூக்கத்தில் கொன்றார் என்பது ஒரு கதை. மாஹோயின் ஆட்கள் தேடி வந்து கொன்றார்கள் என்பது இன்னொன்று. ஈரானின் மாபெரும் காவியமான ஷாநாமா இவனோடுதான் முடிகிறது.

ஆற்றில் வீசப்பட்ட உடலை எடுத்து அடக்கம் செய்தவர் மெர்வ் நகரத்துக் கிறிஸ்தவ பிஷப் என்று சொல்லப்படுகிறது. யஸ்தகர்த்தின் பாட்டி முறையான ஷிரின் கிறிஸ்தவர் என்பதால் அந்த நன்றிக்காக அப்படிச் செய்தாராம். அந்த ஷிரினின் மகனுக்குப் பட்டம் தரப்போனதில்தான் குடும்பச் சண்டையே ஆரம்பித்தது.

பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

மகன் பீரூஸ் சீனாவுக்குப் போனான். தாங் பேரரசு அவனைப் பாரசீக மன்னர் என்று பெயரளவுக்கு அங்கீகரித்து, தளபதி பட்டமும் கொடுத்தது. நாட்டை மீட்க எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. சீன மண்ணிலேயே அவன் காலம் முடிந்தது.

யஸ்தகர்த்தின் மகள் ஷஹர்பானு, இமாம் ஹுசைனை மணந்தார் என்பது ஷியா முஸ்லிம்களிடையே உள்ள நம்பிக்கை. வரலாற்றாசிரியர்கள் பலர் இதை உறுதியான செய்தியாக ஏற்பதில்லை.

சரி, ஆண்டுக் கணக்கு ஏன் நிற்கவில்லை?

இதைப் புரிந்துகொள்ள ஈரான் வரை போக வேண்டாம். டோல்கேட்டில் இருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிறது திருவொற்றியூர் தியாகராஜர் கோயில். அங்குள்ள பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளைப் பார்த்தால், மன்னர் பெயரைச் சொல்லி அவருடைய ஆட்சியில் இத்தனையாவது யாண்டு என்று எழுதியிருப்பார்கள். அடுத்த மன்னர் வந்தால் எண் மறுபடியும் ஒன்றில் இருந்து தொடங்கும்.

பாரசீகத்திலும் அதே முறைதான். குஸ்ரோ வந்தால் குஸ்ரோ ஆண்டு 1. கவாத் வந்தால் கவாத் ஆண்டு 1. யஸ்தகர்த் வந்தபோதும் எண் ஒன்றில் தொடங்கியது. ஆனால் 651-ல் அவன் இறந்த பிறகு, எண்ணை மறுபடியும் ஒன்றுக்குக் கொண்டுவர அடுத்த மன்னர் யாரும் வரவில்லை. ஜரதுஷ்டிர மதத்தவர்கள் பழைய கணக்கையே தொடர்ந்தார்கள். 20 முடிந்து 21, 22 என்று போய் இன்று 1390-களில் நிற்கிறது.

புதிய ஆட்சியாளர்கள்கூட உடனே எல்லாவற்றையும் மாற்றவில்லை. அரபு ஆளுநர்கள் சாசானிய பாணிக் காசையே சில காலம் அடித்தார்கள். யஸ்தகர்த்தின் உருவம் அப்படியே இருக்க, ஓரத்தில் அரபியில் இறைவன் பெயர் மட்டும் சேர்ந்தது.

பார்சிகளும் சென்னையும்

ஈரானில் இருந்து ஜரதுஷ்டிரர்களில் ஒரு பிரிவினர் பின்னாளில் கடல் வழியாக குஜராத் கரையில் சஞ்சான் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது அவர்களின் மரபுக் கதை. பார்ஸ் நாட்டில் இருந்து வந்தவர்கள் என்பதால் பார்சிகள். யஸ்தகர்த்தை ஒளித்து வளர்த்த இஸ்தக்ர் இருந்ததும் அதே பார்ஸில்தான். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் சில பார்சி குடும்பங்கள் மெட்ராஸுக்கு வந்து ராயபுரத்தில் நிலம் வாங்கிக் குடியேறின. சிறு வயதில் இறந்த தன் மகன் ஜாலின் நினைவாக பிரோஜ் கிளப்வாலா கட்டிக்கொடுத்ததுதான் ராயபுரத்தில் உள்ள அக்னி கோயில். பார்சிகள் அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை.

ஈரானில் நவ்ரோஸ் புத்தாண்டு மார்ச் மாதம் வரும்போது, இந்தியப் பார்சிகளில் பெரும்பாலோருக்கு ஏன் ஆகஸ்டில் வருகிறது என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. பார்சி நாள்காட்டியில் ஆண்டுக்குச் சரியாக 365 நாள்தான், லீப் ஆண்டு கிடையாது. அதனால் நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் புத்தாண்டு நகர்ந்துகொண்டே வருகிறது.

அடுத்த ஆகஸ்டில் ராயபுரத்தில் பார்சி குடும்பங்கள் நவ்ரோஸ் கொண்டாடும்போது அந்த எண்ணிக்கையில் மேலும் ஒன்று கூடும். எட்டு வயதில் முடிசூடி, ஒரு நாள்கூட நிம்மதியாக ஆளாமல், 28 வயதில் ஒரு மாவு மில்லில் உயிரைவிட்ட மன்னனின் ஆட்சி ஆண்டு அது.